பழைய சிட்டி கோல்ஃப்: முன் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த டோங்காட் வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 ஆகஸ்ட் 6

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப், 1.3 லிட்டர் எஞ்சின். போன வாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள தங்கை வீட்டிலிருந்து திரும்புகையில், ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தின் பாதியில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. பைன்டவுன் சிக்னலில் இரண்டு மூன்று முறை மிதித்துத்தான் நிறுத்தினேன். சக்கரத்தோடு சுழலும் தகடான டிஸ்க்கைக் காற்றோட்டமுள்ளதாகவும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பெரியதாகவும் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். டிஸ்க் பெரிதானால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்பது சரிதானே? மாட்டியவர்கள் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்ட் 6, இரவு

மாட்டியவர்களில் நானும் ஒருவன். அதே 1.3 வண்டிதான், 2019இல் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு முற்றத்தில் வைத்து மாட்டினேன். டிஸ்க் பெரிதானதால் வண்டி சீக்கிரம் நிற்காது. காய்ந்த சாலையில் முழு பலத்தோடு மிதிக்கும்போது இப்போதுள்ள பிரேக்கிலேயே சக்கரங்கள் இறுகி டயர் கிறீச்சிடுகிறது என்றால், அதற்கு மேல் எவ்வளவு பெரிய பிரேக் வைத்தாலும் நிற்கும் தூரம் குறையப்போவதில்லை, ஏனென்றால் அங்கே தோற்றது டயரின் பிடிமானம். இந்த வண்டிகளில் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் ஏற்பாடும் கிடையாது.

காற்றோட்டமுள்ள டிஸ்க் உதவுவது வெப்பத்துக்கு. ஆளும் சாமானுமாக 1,100 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், சுமார் 270 கிலோஜூல் வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. அதே வண்டி 200 மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டும் நம்பிச் சீரான வேகத்தில் இறங்கினால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 2,150 கிலோஜூல். அதாவது 80இலிருந்து அடுத்தடுத்து எட்டு முறை நின்றதற்குச் சமம். இடையில் ஆறுவதற்கு நேரமே இல்லை. 12 மி.மீ. கெட்டித் தகடாக இருக்கும் பழைய டிஸ்க்கில் இந்தச் சூடு தங்கிவிடுகிறது, 20 மி.மீ. தடிமனில் நடுவே காற்றுப் போகும் பள்ளங்கள் உள்ள டிஸ்க் அதை வெளியே தள்ளுகிறது. இரண்டுக்கும் விட்டம் 239 மி.மீ. தான் என்பதால் உங்கள் 13 அங்குல ரிம்மே போதும். டிஸ்க் தடித்துவிடுவதால் காலிப்பரும், அதைத் தாங்கும் பிடியும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஆகவே என் கருத்து: மாட்டுங்கள், பயன் உண்டு.

2023 ஆகஸ்ட் 7

நேற்று எழுதியதை இன்று படித்தபோது, உங்கள் கேள்வியின் முக்கியமான சொல்லை நான் தாண்டிப் போய்விட்டது தெரிந்தது. பெடல் மெத்தென்று ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள்.

சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை உரசும் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கல்லைப் போல உறுதியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் காலிப்பருக்குள் ஆவி உண்டாகும்; திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், எனவே மிதிக்கும் பலமெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் மெத்தென்று உள்ளே போவதும், இரண்டு மூன்று முறை மிதித்தால் கொஞ்சம் மேலே வருவதும் இந்த இரண்டாவது வகை. உங்களுடையது இதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது டிஸ்க் இல்லை, ஆயில்.

ஆயில் என்று நாம் சொன்னாலும் அதில் எண்ணெய் கிடையாது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் திரவம். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருந்தால், புதியதாக இருக்கையில் அது கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியே போதும். டாட் 3 என்றால் 205இலிருந்து 140க்கு இறங்கிவிடும். டர்பன் காற்றின் ஈரத்தில் வருடம் முழுவதும் நிற்கும் வண்டி இது. ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? தொட்டியில் மட்டம் குறைந்தபோது மேலே ஊற்றியதை மாற்றியதாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

2023 ஆகஸ்ட் 7, மாலை

இன்னொன்று. டாட் 5.1ஐ டாட் 4 இருந்த இடத்தில் ஊற்றலாம், டாட் 5ஐ ஊற்றக் கூடாது. டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்காது. அந்த ஒரு புள்ளி ஒன்றை அச்சுப் பிழை என்று நினைத்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தவன் நான். நல்லவேளையாகத் திறக்கவில்லை.

2023 ஆகஸ்ட் 12

ஆயில் மாற்றிய பிறகும் காற்றோட்டமுள்ள டிஸ்க் மாட்டத்தான் போகிறேன், மாட்டிய கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கதை பெருமைக்குரியதல்ல.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஓரிடத்தில் காலிப்பர் இரண்டையும் பிடிகளோடு வாங்கினேன். வீட்டில் கழுவி, பேட்டைத் தள்ளும் பிஸ்டனை வெளியே எடுத்து, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தையும் தூசி மறைப்பையும் புதிதாகப் போட்டு, வழுக்கும் ஊசிகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய் ஊசி நகராது. ஊசி நகராவிட்டால் உள் பக்கத்துப் பேட் மட்டும் தேயும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கினேன். எங்கள் தெருவில் ஒருவர் உள்ளே பொள்ளலாக இருக்கும் சிமெண்ட் கல்லின் மேல் நிறுத்தி வேலை செய்கிறார். அந்தக் கல் விரிசல் காட்டி எச்சரித்துவிட்டு உடையாது, ஒரே நொடியில் பொடியாகும்; அவரிடம் சொல்லிவிட்டேன், கேட்டபாடில்லை.

டிஸ்க் ஏறியது, காலிப்பர் ஏறியது, குழாய் ஏறியது. எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குள். பிறகு பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை தொடங்கியது. தொட்டிக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வர வேண்டும். என் மனைவி பெடலில் உட்கார்ந்தாள், நான் கீழே படுத்தேன். "மிதி, பிடித்துக்கொள், திறக்கிறேன், மூடிவிட்டேன், விடு" என்று மூன்று மாலைப் பொழுது, அரை லிட்டர் டப்பா இரண்டு காலி. பெடல் பஞ்சாகவே இருந்தது. இடையில் சிந்திய ஆயில் முன் மட்கார்டின் சிவப்புப் பெயின்டைத் தோல் சுருங்குவது போலச் சுருக்கிவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பியிருக்கும்.

நான்காம் நாள், அப்போது பதினோரு வயதான என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, குமிழி மேலேதானே போகும், நீங்கள் ஏன் கீழே இருக்கும் ஓட்டையைத் திறக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

வலது காலிப்பரை இடது பக்கமும், இடதை வலது பக்கமும் மாட்டியிருக்கிறேன். இரண்டும் பொருந்தும், போல்ட் ஏறும், பேட் உட்காரும். ஆனால் காற்று வெளியேறும் சிறு திருகு தலைகீழாகக் கீழே போய்விடும். மேலே தேங்கும் காற்றை, கீழே திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறேன். மாற்றி மாட்டிய பிறகு, இருபது நிமிடத்தில் பெடல் இறுகியது. மூன்று நாளும் பெடலை மிதித்தவள் இதுவரை எதுவும் சொன்னதில்லை, ஆனால் வீட்டில் எது கழன்றாலும் "எந்தப் பக்கம் மேலே?" என்று மட்டும் கேட்பாள்.

2023 ஆகஸ்ட் 13

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். குழாய் ஏறியது என்றதில், குழாயையும் புதிதாகப் போட்டேன் என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். உண்மையில் ரப்பர் குழாய்களை அப்போது மாற்றவில்லை. அந்தக் கதை தனியே வரும்.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி, 239க்குப் பதில் 256 மி.மீ. டிஸ்க் போட்டால் என்ன என்று கேட்கிறார். என் மைத்துனர் போட்டார். 13 அங்குல இரும்பு ரிம் காலிப்பரின் மேல் ஏற மறுத்தது. வண்டி மூன்று வாரம் கட்டையில் நின்றது. 14 அங்குல ரிம்மும் டயரும் வாங்கிய பிறகுதான் நகர்ந்தது. பிரேக் வாங்கும் முன் ரிம்மை அளந்துவிடுங்கள்.

பெடல் கணக்கும் ஒன்று உண்டு. என் பழைய காலிப்பரின் பிஸ்டனை வெர்னியரில் அளந்தேன், 48 மி.மீ.; உடைத்த இடத்தில் வாங்கியதில் 54. பரப்பு விட்டத்தின் வர்க்கப்படி போவதால் 27 விழுக்காடு கூடுதல். பேட்டைத் தள்ளும் பலம் அதே அளவு கூடுகிறது, ஆனால் அதை நிரப்ப அதே அளவு கூடுதல் ஆயிலும் வேண்டும், அதாவது கால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். பெடல் தாழ்ந்தது எனக்குப் பிடிக்காமல், பெடலின் பலத்தை ஆயிலுக்குக் கடத்தும் 20.6 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு 22.2 மி.மீ. சிலிண்டர் வாங்கிப் போட்டேன். பெடல் மேலே வந்தது, பார்த்தவர்கள் எல்லாம் "பிரேக் செம இறுக்கம்" என்றார்கள். ஆனால் மிதிக்கும் பலம் 16 விழுக்காடு அதிகம் தேவைப்பட்டது. பெரிய காலிப்பரால் கிடைத்ததில் பாதிக்கு மேல் பெரிய சிலிண்டருக்குத் தின்னக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் பழையதையே திரும்பப் போட்டேன். இறுக்கமான பெடல் காலுக்குத் தெம்பு தரும். அதனாலேயே பிரேக் நல்லது என்று நம்பிவிடுகிறோம்.

2023 ஆகஸ்ட் 20

பேட் மாற்றிய பிறகு வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பிஸ்டனைப் பேட்டோடு சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன மைத்துனர் அதை மறந்து, பின்னால் எடுத்து, புதுப் பிரேக்கின் முதல் சோதனையைத் தன் வீட்டு மதில் சுவரில் செய்தார்.

2023 ஆகஸ்ட் 27

எந்தப் பேட் வாங்கலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெயரை விடப் பேட்டின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது மிகுந்த சூட்டில் எவ்வளவு என்று சொல்வது. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55. ‘எஃப் எஃப்’ நம் வண்டிக்குப் போதும். ‘எஃப் ஈ’ என்று இருந்தால், சமதளத்தில் நன்றாக இருந்து இறக்கத்தில் சோர்ந்துவிடும் என்று பொருள். நமக்கு வேண்டாதது அதுதான்.

புதுப் பேட் போட்ட அன்று, ஆளில்லாத நேரத்தில், 60இலிருந்து 20 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இடைவெளி விட்டுப் பத்துமுறை செய்யுங்கள். முழுதாக நிறுத்திக் காலை அழுத்தி வைத்திருக்காதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட்டின் தடம் பதிந்துவிடும். ஒரு கருகல் வாசனை வரும், வரட்டும்.

2023 செப்டம்பர் 3

ஒரு மாதமாக முன் பிரேக்கையே பேசிக்கொண்டிருக்கிறோம். பின்னால் 180 மி.மீ. டிரம் இரண்டு இருப்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின் பிரேக் வேலை செய்யாவிட்டால் முன் பிரேக் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும், சீக்கிரம் சூடாகும், அப்போது நாம் முன் டிஸ்க் சிறியது என்று சொல்லி இன்னொன்றை வாங்குவோம்.

இந்த வண்டியில் டிரம்மைக் கழற்றுவது ஒரு சின்னக் கலை. உள்ளே ஷூ எனப்படும் உராய்வுத் தகடு தேயத் தேயத் தானாகக் கீழே இறங்கி இடைவெளியை அடைக்கும் ஓர் ஆப்பு இருக்கிறது. பழைய டிரம்மின் விளிம்பில் வரம்பு கட்டியிருக்கும், ஷூ அதற்குள் விரிந்து நிற்கும், இழுத்தால் வராது. சுத்தியலால் அடிப்பவர்கள் பேரிங்கைக் கெடுக்கிறார்கள். வீல் போல்ட் போகும் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அந்த ஆப்பை மேலே நெம்ப வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அதன் நுனி மங்கலாகத் தெரியும். ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம், ஷூ சுருங்கும், டிரம் கையோடு வந்துவிடும். முதல் தடவை நான் இது தெரியாமல், ஆப்பு அசைத்த குரங்கு போல ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். வால் மாட்டவில்லை, விரல் மாட்டியது.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். இந்த நாட்டில் கல்நாருக்குத் தடை வந்தது 2008இல் தான். அதற்கு முன் ஓடிய வண்டியின் பின் ஷூ எப்போது மாறியது என்று யாருக்கும் நிச்சயமில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். கல்நார் தோண்டிய நாட்டில் இருந்துகொண்டு இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பார்க்க வேண்டியவை: ஷூவைத் தள்ளும் சிறு சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறதா, இரண்டு பிஸ்டனும் நகர்கின்றனவா, ஹேண்ட் பிரேக் கம்பி துருப் பிடித்து பாதியில் நிற்கிறதா. டிரம்மைத் திரும்ப ஏற்றுகையில் பேரிங் நட்டை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். நட்டுக்குக் கீழே உள்ள வளையத்தை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தள்ளினால் சற்றே நகர வேண்டும். நகர மறுத்தால் இறுக்கம் அதிகம். பூட்டு ஊசியைப் புதிதாகப் போடுங்கள், அது மிக மலிவான பொருள்.

2023 செப்டம்பர் 4

பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று ஃபீனிக்ஸ் தம்பி கேட்கிறார். பின் பிரேக்கின் பலம் கூடி, எடை குறைந்த பின்பக்கம் முன்பக்கத்துக்கு முன்னால் இறுகினால், வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு வரும். அந்த அளவைச் சரியாக வைக்கும் வித்தை எனக்குத் தெரியாததால் நான் தொடவில்லை.

2023 செப்டம்பர் 24

டோங்காட் நண்பர் நான்கு சக்கரத்திலும் ஆயில் மாற்றிவிட்டார். முதலில் வந்தது தேயிலைச் சாயம் போலக் கறுத்து வந்ததாம். ஃபீல்ட்ஸ் ஹில்லில் போய்ப் பார்த்தேன், பெடல் உறுதியாக இருந்தது, ஆனால் வண்டி இடது பக்கம் லேசாக இழுக்கிறது என்று எழுதியிருக்கிறார். டிஸ்க் இன்னும் வாங்கவில்லை, யோசிக்கிறார்.

இழுக்கிறது என்றதும் என் குழாய்க் கதையைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. புது டிஸ்க் போட்டு ஆறு மாதத்தில் என் வண்டியும் ஒரு பக்கம் இழுத்தது. வலது சக்கரம் நின்ற பிறகும் கொதித்தது. தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்றது. காலிப்பர்தான் இறுகிவிட்டது என்று அதைக் கழற்றி, கழுவி, மாட்டி, மறுபடி கழற்றினேன். கடைசியில் ரப்பர் குழாயை மாற்றிவிட்டு, பழையதை ஆர்வத்தில் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே பளபளவென்று ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ரப்பர் ஊதி, ஒரு தையல் ஊசிதான் போகும் என்ற அளவுக்கு வழி அடைந்திருந்தது. கிழிந்த ஒரு சிறு தோல் மடிப்புக் கதவு போல ஒட்டிக்கொண்டிருந்தது. காலின் பலத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத் தள்ளுவதற்கு ஆளில்லை. அந்தக் குழாய்க்கு இருபது வயது. புது டிஸ்க்கின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட அது இல்லை.

வண்டி இடது பக்கம் இழுத்தால் கோளாறு வலது பக்கமாகவும் இருக்கலாம்: வலது பிடிக்காததால் இடது இழுக்கலாம். ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு ரிம்மிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். எது ஆறியிருக்கிறது, எது கொதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

2023 செப்டம்பர் 25

இந்த வண்டிகளில் குழாய் அமைப்பு மூலைவிட்டமாகப் போகிறது. ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்ப் பக்கத்துப் பின் சக்கரமும் ஒரு வழி. ஒரு வழி உடைந்தாலும் மற்றது நிற்க உதவும். அதனால்தான் ஒரு சக்கரத்தின் கோளாறு பல மாதம் யாருக்கும் தெரியாமலும் போகிறது. நேற்றே எழுதியிருக்க வேண்டியது.

2023 அக்டோபர் 15

வெட்கத்தோடு எழுதுகிறேன்.

வண்டியை மகன் பெயருக்கு மாற்றுகிறேன். பெயர் மாற்றத்துக்கு, இங்கே எல்லோரும் ரோட்வர்த்தி என்று சொல்லும் தகுதிச் சோதனை வேண்டும். அந்தச் சான்று 60 நாளுக்குத்தான் செல்லும். சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி, மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியே காட்டினார்கள். முன் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே அளவில் எழும்பின, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்னால் வந்தபோது இடதின் பிடிப்பு வலதில் பாதிதான் இருந்தது. சோதித்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பின் டிரம்மைத் திறந்து எவ்வளவு நாளாகிறது?" என்று கேட்டார்.

பின் டிரம்மைப் பற்றி நான்கு பத்தி எழுதியவன் தன் வண்டியின் டிரம்மைத் திறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம். வீட்டுக்கு வந்து திறந்தேன். இடது சிறு சிலிண்டரின் ஒரு பிஸ்டன் துருவில் ஒட்டிப்போயிருந்தது, கடற்காற்று செய்த வேலை. சிலிண்டர் இரண்டும் புதிது, ஷூ நான்கும் புதிது, ஆப்பின் ஸ்பிரிங்கும் புதிது. அடுத்த வாரம் சான்று கிடைத்தது.

இப்போது ஆகஸ்ட் 6 அன்று நான் எழுதிய "மாட்டுங்கள், பயன் உண்டு" என்ற வரிக்கு வருகிறேன். நான்கு வருடமாக என் பிரேக் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்ததற்குக் காரணம் முன் டிஸ்க். ஆனால் அது பின் சக்கரத்தின் சோம்பலையும் மூடி மறைத்திருக்கிறது. சிலிண்டர் மாற்றிய பிறகு அதே இறக்கத்தில் இறங்கினேன்; முன் ரிம்மின் சூடு முன்பைவிடக் குறைவு, பெடலும் ஒரு விரல் மேலே நிற்கிறது. பழைய டிஸ்க்கோடு, நல்ல பின் பிரேக்கும் புது ஆயிலும் புதுக் குழாயும் வைத்து நான் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. எதை எதோடு ஒப்பிட்டு அந்த வரியை எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

2023 அக்டோபர் 29

டயர். இதை முதல் குறிப்பில் சொல்லிவிட்டு நானே மறந்துவிட்டேன்.

சான்று வாங்கும்போது டயரின் தடப் பள்ளம் சட்டம் கேட்கும் 1 மி.மீ.க்கு மேல் தாராளமாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தபோது 2413 என்றிருந்தது. 2013ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்தது. பத்து வயது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கட்டை போல இருந்தது. புது டயர் நான்கு போடும் முன்னும் பின்னும், ஆளில்லாத ஒரு தொழிற்சாலை வளாகத்தில், மணிக்கு 60இலிருந்து முழுதாக மிதித்து, நின்ற இடத்தை மகனோடு நாடா வைத்து அளந்தேன். பழையதில் சுமார் 21 மீட்டர், புதியதில் சுமார் 18. விஞ்ஞானச் சோதனை இல்லை, மிதிப்பதும் நான், அளப்பதும் நான். ஆனாலும் மூன்று மீட்டர் என்பது ஒரு பாதசாரிக்கும் பம்பருக்கும் இடையே போதுமான தூரம். டிஸ்க் மாற்றியபோது இப்படி ஒரு வித்தியாசத்தையும் நான் பார்க்கவில்லை.

2023 நவம்பர் 5

அப்படியானால் காற்றோட்டமுள்ள டிஸ்க் வீண் செலவா என்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார். இல்லை. நான்கு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வான் ரீனன்ஸ் கணவாய் இறங்குபவருக்கு, 1.3 இருந்த இடத்தில் 1.8 எஞ்சின் வைத்தவருக்கு, அது தேவை. என் வண்டியில் இருப்பதை நான் கழற்றப்போவதில்லை. ஆனால் அது ஐந்தாவது வேலை: ஆயில், குழாய், பின் டிரம், டயர், அதற்குப் பிறகு.

இறக்கத்தில் கியரையும் மறந்துவிட்டோம். 2013 செப்டம்பரில் அதே ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு லாரி கட்டுப்பாடிழந்து இறங்கி 24 பேர் இறந்த பிறகு, பெரிய லாரிகளுக்கு அங்கே தடை வந்தது. நம் சிறு வண்டிக்கும் அந்தச் சரிவு அதேதான். உச்சியிலேயே மூன்றாவது கியருக்கு இறக்கிவிட்டால் எஞ்சினே பாதி வேலையைச் செய்துவிடும். எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். என் மாமனார் 1984இல் முதல் சிட்டி கோல்ஃப் வந்த வருடத்திலிருந்து இந்த வகை வண்டியையே ஓட்டியவர். ஆயிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, டிஸ்க்கைப் பற்றியும் தெரியாது. இறக்கம் வந்தால் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார். அவர் வண்டியில் பேட் மாற்றியதை நான் பார்த்த நினைவே இல்லை.

2024 பிப்ரவரி 11

டோங்காட் நண்பரின் செய்தி: வலது முன் குழாய்தான் அடைந்திருந்தது, நான்கையும் மாற்றினார், இழுப்பு போய்விட்டது. பின் டிரம்மில் ஆப்பைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்றாம், என்னைவிட இருபது நிமிடம் குறைவு. தைப்பூசத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய் வந்தார். பெடல் கடைசிவரை நின்றது. டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் டயர் வாங்கிவிட்டார்.

கழற்றி வைத்த 22.2 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் என் கராஜில் சும்மா கிடக்கிறது. வேண்டுபவர் வந்து எடுத்துக்கொள்ளலாம், விலை இல்லை. நான்கு வருடமாகக் காய்ந்து கிடப்பதால் உள்ளே இருக்கும் ரப்பர்களை மாற்றாமல் மாட்ட வேண்டாம்.